உர்ஷுலே காய்ச்சிய தேன்சாராயம்

எங்கள் ஊரில் உர்ஷுலேயின் நாக்குக்குப் பயப்படாத ஆள் கிடையாது. அவள் யாரையும் திட்டமாட்டாள். அந்த வேலைக்கு நான் இருந்தேன். ஒரு சொட்டுத் தேனை நுனிநாக்கில் வைத்தால் போதும். லிண்டன் மரம் பூத்தபோது எடுத்ததா, காட்டுப் புதர் பூத்தபோது எடுத்ததா, எவ்வளவு சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கலந்தவன் அந்த வாரம் முழுக்க வேறு தெரு வழியாகத்தான் கடைக்குப் போவான்.

க்ருப்னிகாஸ் எங்கள் தெற்கு லித்துவேனியாவில் எல்லா வீட்டிலும் காய்ச்சுகிற சாராயம்தான். தேனைச் சுட வைத்து, நுரை எடுத்து, மூலிகையும் மசாலாவும் கொதித்த நீரை ஊற்றி, அடுப்பை விட்டு இறக்கி, வீட்டில் வடித்த சாராயத்தைக் கலக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் நாங்கள் காய்ச்சினால் இனிப்பான சாராயம் வரும், அவ்வளவுதான். உர்ஷுலே காய்ச்சியதில் முதலில் தேன் மட்டும் தெரியும். நம்பி விழுங்கினால் நெஞ்சு வரைக்கும் தீ இறங்கும். கண்ணில் நீர் வந்து, இருமி, அடங்கிய பிறகு வசம்பு, கிராம்பு, ஏலக்காய், காட்டுச் சீரகம் என்று ஒவ்வொன்றாக நாக்குக்குத் திரும்பி வரும். கல்யாணமோ ஞானஸ்நானமோ சாவோ, அவள் வீட்டு ஜாடி இல்லாமல் எங்கள் ஊரில் எதுவும் நடந்ததில்லை.

அவள் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் பிறந்தவள். கூட்டுப்பண்ணையில் கன்றுக்குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து, க்ஸவேராஸைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளை இல்லை. க்ஸவேராஸுக்கு வீட்டில் ஒரு வார்த்தை, தேனீக்களிடம் நூறு வார்த்தை. வெறுங்கையைக் கூட்டுக்குள் விடுவான், கையுறை போட்டதுபோல் முழங்கை வரை தேனீக்கள் ஏறி நிற்கும். மற்ற நேரங்களில் மனைவி பின்னாலேயே சுற்றுவான். ஊரார் கேலி செய்தால் அவள் வெட்கப்படுவாள், அவன் படமாட்டான்.

எங்கள் பக்கம் தேனீயை விற்பதில்லை. ஒரு வீட்டுக் கூட்டிலிருந்து பிரிந்த கூட்டம் இன்னொரு வீட்டுத் தோட்டத்தில் போய் அடைந்தால், அன்றிலிருந்து அந்த இரண்டு வீடும் சொந்தம். க்ஸவேராஸின் தேனீக்கள் என் ஆப்பிள் மரத்தில் வந்து அடைந்ததால்தான் அவர்கள் இருவருக்கும் நான் ஸோஸே அக்கா ஆனேன். தேனீ செத்தது என்று எங்கள் ஊரில் சொல்வதில்லை, காலமானது என்போம். நான் பள்ளிக்கூடத்தில் சமைத்தவள், பேய் பிசாசு சகுனம் எதற்கும் என் வீட்டில் இடம் கொடுத்ததில்லை. தேனீ விஷயத்தில் மட்டும் ஊரோடு ஒத்துப்போனேன்.

கூட்டுப்பண்ணை கலைந்து அவரவர் நிலம் அவரவருக்குத் திரும்பிய பிறகு வந்த குளிர்காலம் அது. க்ஸவேராஸ் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போனான். சாயங்காலமாகியும் திரும்பவில்லை. ஆண்கள் போய்ப் பார்த்தபோது ஏரியின் நடுவில் பனிக்கட்டி உடைந்து கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. அதன் ஓரத்தில் அவனுடைய சின்னச் சறுக்குவண்டியும் குல்லாவும் கிடந்தன. கம்பு விட்டுத் தேடினார்கள். மறுநாளே பனிப்புயல் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பங்குச் சாமியார் பனி உருகட்டும், உடல் கிடைக்கும், அதுவரை அவசரப்பட வேண்டாம் என்றார். பெனெடிக்டா கேட்கவில்லை. அவள் எங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் பாட்டுப் பாடுகிறவள், சாவைப் பற்றி யார் பேசினாலும் கடைசி வார்த்தை அவளுடையதாக இருக்க வேண்டும். எஜமானர் இறந்ததைத் தேனீக்களிடம் சொல்லாவிட்டால் அவையும் அவர் பின்னாலேயே போய்விடும் என்பது எங்கள் ஊர் வழக்கம். சவப்பெட்டி வீட்டை விட்டுக் கிளம்பும் முன் சொல்லிவிட வேண்டும். இங்கே பெட்டியே இல்லை. சாமியார் காத்திருக்கலாம், தேனீக்கள் காத்திருக்காது என்று பெனெடிக்டா அழுதுகொண்டே அடித்துச் சொன்னாள். உர்ஷுலே அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் எழுந்து செய்கிற நிலையில் இருந்தாள்.

நானும் கூடப் போனேன். வைக்கோல் போர்த்தி, பனியில் பாதி புதைந்து கூடுகள் வரிசையாக நின்றன. அவள் முதல் கூட்டை விரலால் தட்டினாள். உள்ளே ரீங்காரம் எழுந்தது. குளிர்காலத்தில் தட்டினால் அப்படித்தான் எழும், பிறகு மெல்ல மெல்ல அடங்கும்.

"உங்க எஜமானர் ஏரியில போயிட்டாரு. க்ஸவேராஸ் இறந்துட்டாரு. இனிமே உங்களுக்கு நான்தான், என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்றாள்.

ரீங்காரம் அடங்கவில்லை, அறுந்தது. அடுத்த கூட்டிலும் அப்படியே. கடைசிக் கூட்டை அவள் தட்டும்போது உள்ளே சத்தமே எழவில்லை, முன்கூட்டியே செய்தி தெரிந்ததுபோல் இருந்தது. குளிருகிறது, போதும் என்று சொல்லி அவளைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பூசை வைத்து, நடுப்பகல் சாப்பாட்டுக்கு ஊரைக் கூப்பிட்டாள். அவன் எடுத்து வைத்துவிட்டுப் போன கடைசித் தேனில் அவளே க்ருப்னிகாஸ் காய்ச்சியிருந்தாள். அழுதுகொண்டே காய்ச்சினாலும் கை தப்பவில்லை. எங்கள் மேசையில் குடிப்பதற்கு ஒரே ஒரு கண்ணாடிக் கிண்ணம்தான். ஒருவர் தரையில் இரண்டு சொட்டு இறந்தவருக்காக விட்டு, பக்கத்தில் இருப்பவர் பெயரைச் சொல்லிக் குடித்து, கிண்ணத்தை நிரப்பி அவரிடம் கொடுப்பார். அவர் அடுத்தவர் பெயரைச் சொல்லிக் குடிப்பார். சொட்டு இறந்தவருக்கு, பெயர் உயிரோடு இருப்பவருக்கு. அப்படி மேசையைச் சுற்றி வரும். உர்ஷுலே தொடங்கினாள். கிண்ணம் பாதி மேசை சுற்றியிருந்தது, பெனெடிக்டா பாட்டை எடுத்திருந்தாள். அப்போது வாசலில் யாரோ பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது.

க்ஸவேராஸ் உள்ளே வந்தான். வேறு யாருடையதோ கோட்டு, தோளுக்குப் பெரிசாக இருந்தது. மேசையில் கறுப்பு ரொட்டியும் உப்பு மீனும் மெழுகுவத்தியும் இருப்பதைப் பார்த்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான்.

"யாரு செத்துப்போனது?" என்று கேட்டான்.

உர்ஷுலே எழுந்து போய் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு கத்தி அழுதாள். நாங்களும் அழுதோம், சிரித்தோம், ஆளுக்கு ஆள் அவனைப் பிடித்துப் பார்த்தோம். அவன் பனிக்கட்டியிலிருந்து எப்படியோ ஏறி, இருட்டில் திசை தெரியாமல் எதிர்க்கரைக் காட்டுக்குள் நடந்து விழுந்திருக்கிறான். மரம் ஏற்றிப்போன லாரிக்காரர் ஒருவர் கண்டெடுத்து எங்கோ தூரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். காய்ச்சலில் பேச்சில்லை, நினைவில்லை, சட்டைப்பையில் காகிதமும் இல்லை. பேச்சு வந்து ஊர்ப் பெயரைச் சொன்னபோது எங்கள் தபாலாபீஸ் தொலைபேசிக் கம்பி புயலில் அறுந்து கிடந்தது. பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

தன் சாவுச் சாராயத்தைத் தானே குடிக்கக் கொடுத்துவைத்தவன் என்று நான்தான் கேலி செய்து கிண்ணத்தை அவனிடம் தள்ளினேன். ஒரே மூச்சில் குடித்தான். இருமலுக்காகக் காத்திருந்தோம். அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"என்னடி இது, தண்ணியை ஊத்திக் குடுக்கறே?"

முதலில் சிரித்தோம். உர்ஷுலே இன்னொரு கிண்ணம் ஊற்றிக் கொடுத்தாள். அதையும் அப்படியே குடித்தான். கண்ணில் ஒரு துளி நீர் இல்லை, கன்னத்தில் நிறமில்லை. உண்மையாகவே தண்ணீர்தான் என்றான். அவள் கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருந்ததை நக்கிப் பார்த்தாள், இருமினாள். பெனெடிக்டா சிலுவை போட்டுக்கொண்டு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாள். செத்தவர்களுக்குத்தான் ருசி தெரியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகு அந்தக் கிண்ணத்தை வாங்க ஒரு கை நீளவில்லை. அவன் வாய் வைத்த இடத்திலேயே அது நின்றது. ஒவ்வொருவராக எழுந்து கோட்டைத் தேட ஆரம்பித்தார்கள்.

பெரிய காய்ச்சலில் மூக்கும் நாக்கும் மரத்துப் போவது உண்டு என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே ஊர் முழுக்கச் சொன்னேன், சொல்லிச் சண்டையும் போட்டேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் கடையில் அவன் நின்றால் வரிசை இரண்டடி தள்ளியே நின்றது. கை குலுக்க நீட்டியவர்கள் கடைசி நேரத்தில் தொப்பியைச் சரிசெய்தார்கள். சாமியார் ஞாயிற்றுக்கிழமை மேடையிலேயே எங்களைக் கண்டித்தார், மூடநம்பிக்கை பாவம் என்றார். அதே பூசையில் அவன் நற்கருணை அப்பம் வாங்க வந்து முழங்காலிட்டபோது சாமியார் தன் விரல் அவன் உதட்டில் படாமல் அப்பத்தைப் போட்டதை நான் பார்த்தேன். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

பனி உருகியது. ஆப்பிள் மரங்கள் மொட்டு விட்டன. க்ஸவேராஸ் கூடுகளைத் திறக்கப் போகிறேன் என்றான். உர்ஷுலே என்னையும் கூப்பிட்டுக்கொண்டாள். பழையபடி வெறுங்கையை உள்ளே விட்டான். கொட்டும் என்று நான் பயந்தேன். கொட்டியிருந்தால் தேவலை. ஒரு தேனீ எழவில்லை, ஒன்று அவன் கையில் ஏறவில்லை. தேனடைச் சட்டங்களின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தவை அவன் விரல் வந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கம் சேர்ந்து நடந்தன. அவன் வாயைக் கிட்டத்தில் கொண்டுபோய் ஊதினான். அப்போதும் ஒன்றும் அசையவில்லை. உர்ஷுலே பயந்து அவன் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். உடனே ஒரு கொத்துத் தேனீ எழுந்து அவள் கையில் வந்து உட்கார்ந்தது.

"அதுங்களுக்கு நான் இல்லக்கா" என்று என்னிடம் சொன்னான்.

அன்று முதல் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டான். பிடிவாதம் இல்லை, முடியவில்லை. ரொட்டி மரத்தூள் மாதிரி, சூப் வெந்நீர் மாதிரி என்றான். உர்ஷுலே காரமுள்ளங்கியைத் துருவிக் கொடுத்தாள். நான் கடுகை அள்ளி வைத்தேன். எங்களுக்கு மூக்கு எரிந்தது, அவன் மென்றுகொண்டே ஜன்னலைப் பார்த்தான். உள்ளங்கை எப்போதும் சில்லென்று இருந்தது. கன்னம் ஒட்டி, பெல்ட்டில் புதுப் புது ஓட்டை போட வேண்டியதாயிற்று. டாக்டருக்கு நோய் எதுவும் கிடைக்கவில்லை. புல் அறுக்கும் கோடைவரை தாங்கமாட்டான் என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. உர்ஷுலேக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்தது.

ஒருநாள் காலை அவள் என் அடுப்பருகே வந்து உட்கார்ந்தாள். இரவெல்லாம் யோசித்த முகம். செய்த தப்பு என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன் என்றாள். உடலைப் பார்க்காமல் போய்ச் சொன்னதுதான் தப்பு. சரி, சொன்னதைத் திரும்ப வாங்க முடியாதா என்று கேட்டேன். அதற்கு எங்கள் ஊரில் வழக்கம் இல்லை, யாருக்கும் வார்த்தை தெரியாது. தேனீக்களிடம் சொல்ல ஒரு செய்திதான் உண்டு. எஜமானர் இறந்தார், இனி இவர் எஜமானர்.

"இப்ப அதுங்களுக்கு எஜமானி நான்தானேக்கா. நான் இருக்கற வரைக்கும் அவருக்கு இடம் கிடையாது. நான் செத்துட்டேன்னு அவரு போய்ச் சொல்லணும்."

நான் வாயில் வந்தபடி ஏசினேன். பெனெடிக்டாவையும் சேர்த்து ஏசினேன். உர்ஷுலே பாட்டுக்கு ஏப்ரனின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றாள். அவளுக்கு அதில் அக்கறை இருந்ததாகவே தெரியவில்லை.

க்ஸவேராஸ் ஒப்புக்கொள்ளவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தவன், நான் செத்தாலும் சரி, அந்த வார்த்தை என் வாயிலிருந்து வராது என்றான். அவள் கெஞ்சினாள், தானும் சாப்பிடாமல் கிடந்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் என் முன்னாலேயே அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தாள்.

"நான் உன்னைச் சொன்னேன்ல? குல்லாவை மட்டும் பாத்துட்டு, நீ செத்துட்டேன்னு போய்ச் சொன்னேன்ல? இப்ப நீ என்னைச் சொல்லுய்யா. சரியாப் போயிடும்."

அவன் அழுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில், ஆப்பிள் பூ உதிர்ந்துகொண்டிருக்கும்போது, என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடுகளுக்கு நடந்தான். உர்ஷுலே கிட்டத்தில் வரவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றாள். அவன் முதல் கூட்டைத் தட்டினான். உங்கள் எஜமானி உர்ஷுலே இறந்துவிட்டாள், இனி க்ஸவேராஸ்தான் உங்களுக்கு என்று சொன்னான். குரல் பாதியில் உடைந்தது, அவள் வேலிக்கு அப்பாலிருந்து தலையசைத்து முழுசாகச் சொல்லச் சொன்னாள். சொன்னான். உள்ளே ரீங்காரம் எழுந்து, அறுந்து, ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி எழுந்தது. மூன்றாவது கூட்டுக்கு வருமுன் அவன் முழங்கை வரை தேனீக்கள் ஏறியிருந்தன. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். வேலியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். உயிரோடுதான் இருந்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்குள் வந்து மூவரும் மேசையில் உட்கார்ந்தோம். ஜன்னல் திறந்திருந்தது. சாவுக்குக் காய்ச்சிய ஜாடியில் மிச்சமிருந்ததை அவள் ஊற்றினாள். க்ஸவேராஸ் குடித்தான். கண் பிதுங்கியது. இருமினான், மேசையைத் தட்டினான், மூக்கிலும் கண்ணிலும் நீர் கொட்டியது. வசம்பை அள்ளிப் போட்டிருக்கிறாயே, ஆளைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டுச் சிரித்தான். உப்பு மீனை ரொட்டியில் வைத்துப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். நாங்கள் இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பிறகு அவன் கிண்ணத்தை நிரப்பினான். அடுத்து உட்கார்ந்திருந்தவள் உர்ஷுலே. அவள் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தான். வெளியே கூடுகளின் ரீங்காரம் கேட்டது. வாயை மூடிக்கொண்டான். தேனீக்களிடம் சொன்னதை அவை கேட்கும் தூரத்திலேயே பொய்யாக்க அவனுக்குத் துணிவில்லை. எனக்கும் இருந்திருக்காது. கையில் கிண்ணம் தளும்பியது. அவள் எழுந்து, அடுப்போரம் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் என்னைப் பார்த்து, ஸோஸே அக்கா என்று சொல்லிக் குடித்தான்.

அன்றிலிருந்து எந்த மேசையிலும் கிண்ணம் சுற்றும்போது அவள் உட்கார்ந்ததில்லை. கல்யாண வீட்டில்கூட அடுப்போரம்தான். மற்றபடி அவன் அவளைத் தாங்கினான். அவளுக்கு விறகு பிளந்தான், சந்தையில் துணி எடுத்துத் தந்தான், நடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டான். ஊர் அவனோடு கை குலுக்கியது. அவளைப் பார்த்தால் மட்டும் தொப்பியைச் சரிசெய்தது. பெனெடிக்டா தெருவில் அவளைத் தாண்டிப் போகும்போது முணுமுணுப்பாக இறந்தவர்களுக்கான செபத்தைச் சொல்வதை நான் காதால் கேட்டேன். அன்று நடுத்தெருவில் பெனெடிக்டாவுக்கு என்னிடம் கிடைத்த பாட்டு அவள் வாழ்நாளில் பாடாத பாட்டு.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்குப் புதுத் தேனில் உர்ஷுலே க்ருப்னிகாஸ் காய்ச்சினாள். ஊர் ஆண்கள் எல்லோரும் முன்னறையில் க்ஸவேராஸோடு உட்கார்ந்து, இதுபோல் எந்த வருடமும் வந்ததில்லை என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வயிறெரிந்தது. ஒரு கோப்பை நிறைய ஊற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். இங்கே தேனீயும் கிடையாது ஒன்றும் கிடையாது, நீ காய்ச்சியதை நீ குடி என்று அவள் கையில் திணித்தேன்.

அவள், வெயிலில் வேலை செய்து வந்தவள் குடிப்பதுபோல், நிறுத்தாமல், முழுக் கோப்பையையும் குடித்தாள். இருமவில்லை. கண் கலங்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"கிராம்பு போதுமாக்கா? கை ஞாபகத்துல போட்டேன். நீ சொன்னாத்தான் தெரியும்."

போதும்டி, சரியாக இருக்கிறது என்றேன். அவரிடம் சொல்லாதே என்றாள். முன்னறையில் க்ஸவேராஸ் இருமிக்கொண்டே சிரிப்பது கேட்டது. அதைக் கேட்டு அவள் முகம் மலர்ந்தது. நான் பாத்திரம் எடுப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.